தோன்யா புருதென்சியாவின் பாத்திரம்

காலை ஆறு மணியிலிருந்து செலஸ்தீனோ சமையலறையில் நின்று அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரமும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

"தொட்டா கடிக்காது மச்சான்," என்றான் எலோய்.

எலோய் அவருடைய மனைவி பெனிட்டாவின் தம்பி. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதையும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையால்தான் அந்த பஸ் இரண்டு முறை ஆற்றுக்குள் இறங்கியது.

"கடிக்காதுன்னு உனக்கு எவன் சொன்னான்? அது யாரோடது தெரியுமில்ல?"

"தெரியும். ஊருக்கே தெரியும். அதுக்குன்னு ஒரு பாத்திரத்துக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிப்பாங்களா?"

செலஸ்தீனோ அப்போதுதான் தம் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். மெதுவாக அதை ஆணியில் மாட்டினார்.

நவம்பரில் பெனிட்டா இறந்தபோது வீட்டுக்கு இருபத்திரண்டு பாத்திரங்கள் வந்தன. பீன்ஸ் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, யாரும் சாப்பிடாத ஒரு பச்சை நிற ஜெல்லி வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டி, அதில் பேனாவால் சொந்தக்காரியின் பெயர். துக்க வீட்டுக்கு வந்த பாத்திரம் காலியாகத் திரும்பக்கூடாது என்பது அந்தப் பள்ளத்தாக்கின் எழுதாத சட்டம். இருபத்தொரு பாத்திரங்களைச் செலஸ்தீனோ திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலில் ஆப்பிள் போட்டுக் கொடுத்தார். பிறகு மலைப் பைன் மரத்துப் பின்யோன் கொட்டை. கற்பனை வறண்ட பிறகு கடை பிஸ்கட். பிஸ்கட்டைப் பார்த்த பெண்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். அவரைச் சொன்னார்களா, பிஸ்கட்டைச் சொன்னார்களா என்று அவருக்கு விளங்கவில்லை.

மிச்சம் இருந்தது இது ஒன்றுதான், இரு பக்கமும் பிடிக்கக் காதுகள், ஒரு காதில் சில்லு பெயர்ந்தது. இதன் அடியில் மட்டும் பெயர் இல்லை. தேவையும் இல்லை. துக்கத்தன்று இதைச் சுமந்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் விருட்டென்று போனவர், ஊரே மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் புருதென்சியா. அந்த அம்மாளின் சாமானை எடுத்து ஒளித்து வைக்கும் துணிச்சல் ஊரில் எவனுக்கு உண்டு, பெயர் எழுதி ஒட்டுவதற்கு?

தோன்யா புருதென்சியாதான் வாய்க்கால் மணியம். மலையில் பனி உருகி வாய்க்காலில் இறங்கும் தண்ணீர் யாருக்கு எந்த நாள், எத்தனை நாழிகை என்பதெல்லாம் அந்த அம்மாளின் வாயிலிருந்து வரவேண்டும். ஹிலாரியோ என்று ஒருவன் ஒருமுறை அந்த அம்மாளின் மண்வெட்டியை இரவல் வாங்கி, பிடி ஆடும்படியாகத் திருப்பிக் கொடுத்தான். அந்த வருஷம் அவன் முறை ஜூலை கடைசியில் வந்தது. அவன் வயலில் காய்ந்த பீன்ஸைக் கோத்து ஜெபமாலை செய்யலாம் என்று எலோய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

செலஸ்தீனோவின் மடைக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக முதல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. பெனிட்டாவைக் கேட்டால் சிரிப்பாள். அவள் எதைக் கேட்டாலும் சிரிக்கிறவள்தான்.

இப்போது பெனிட்டா இல்லை. அவள் அக்டோபரில் நட்ட பதினான்கு ஆப்ரிகாட் கன்றுகள் மட்டும் தோட்டத்துக் கடைசியில் குச்சிகளாக நின்றன. "வசந்தத்துல முதல் தண்ணி வந்துடும். குடிச்சா வேர் புடிச்சிடும்," என்று சொல்லிவிட்டுத்தான் மண்ணைத் தட்டி எழுந்தாள். அதற்கு ஐந்து வாரம் கழித்து அவளையே மண்ணில் வைக்கவேண்டியிருந்தது. முதல் தண்ணீர் தவறினால் அந்தக் குச்சிகள் குச்சிகளாகவே போய்விடும்.

நாளைக்குச் சனிக்கிழமை, வாய்க்கால் தூர்வாரும் நாள். தூர்வாரி முடித்ததும் கரையில் நின்று தண்ணீர் முறைப் பட்டியலைத் தோன்யா வாசிப்பார். நேற்று அந்த அம்மாளே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"செலஸ்தீனோ."

"சொல்லுங்க தோன்யா."

"உன் வீட்டுல ஒரு பாத்திரம் இருக்கு."

"இருக்கு தோன்யா. பத்திரமா இருக்கு."

"அதைப் பத்திப் பேசணும். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்கு வர்றேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். செலஸ்தீனோ கால்மணி நேரம் தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதனால்தான் இன்று காலை எலோய் இங்கே இருக்கிறான். இன்று ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி தொடக்கூடாத சுத்தபோசன நாள். சீஸ் என்சிலாடாவைத் தவிர வேறு எதைப் போட்டுக் கொடுத்தாலும் அது பிஸ்கட்டுக்குச் சமம். ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயில் விருந்துக்கு பெனிட்டா செய்து அனுப்புவது அதுதான்.

"நீ பண்ணியிருக்கியா?" என்று கேட்டார் செலஸ்தீனோ.

"எங்கம்மா பண்றதைப் பாத்திருக்கேன். அக்கா பண்றதையும் பாத்திருக்கேன். நாப்பது வருஷமா சாப்பிட்டிருக்கேன். இதுல என்ன மச்சான் இருக்கு? மிளகாய்க் குழம்பு, சோள ரொட்டி, சீஸ். உருட்டு, அடுக்கு, ஓவன்ல தள்ளு."

"எல்லாத்தையும் ஆத்துல தள்ளுற மாதிரி சொல்றியே."

"அது பிரேக் கோளாறு. எத்தனை தடவ சொல்றது?"

வாணலியில் எண்ணெய் ஊற்றி, மைதா போட்டு, அதன்மேல் ஒரு கிண்ணம் மிளகாய்த் தூளைக் கொட்டினார்கள். தண்ணீரை உடனே ஊற்றவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். குழாயடியில் நின்று எத்தனை கிண்ணம் என்று வாதாடிக்கொண்டிருந்ததில் மிளகாய் கருகிவிட்டது.

கருகிய மிளகாய்ப் புகைக்கு இரக்கம் கிடையாது. முதலில் எலோய் தும்மினான். பிறகு செலஸ்தீனோ. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் விழுந்து, முற்றத்தில் மண்டியிட்டு இருமினார்கள். கோழிகள் கூட்டமாக வேலி தாண்டிப் போயின. செலஸ்தீனோவுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. துக்கத்தன்றுகூட அவர் இவ்வளவு அழவில்லை.

"கதவைத் திறந்து போடுவோம்," என்றான் எலோய், மூக்கைச் சிந்தியபடி. "முதல் ஈடு எல்லாருக்குமே இப்படித்தான்."

இரண்டாவது ஈட்டில் கருகவில்லை. ஆனால் கசந்தது. எலோய் ஒரு கரண்டி சர்க்கரை போட்டான். இனித்தது. உப்புப் போட்டான். கரித்தது. தண்ணீர் ஊற்றினான். ஓடியது. மைதா போட்டான். கரண்டியை நட்டால் நின்றது.

"இதை வெச்சு சுவர் பூசலாம்டா," என்றார் செலஸ்தீனோ. மணி எட்டே முக்கால்.

"பதறாத மச்சான். இளக்கிட்டா சரியாயிடும்." எலோய் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து கடகடவென்று ஊற்றினான். இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளையாக ஒரு கை அள்ளிப் போட்டான். குழம்பு மெருகேறியது. பளபளத்தது. வாசம் பிரமாதமாக எழுந்தது. செலஸ்தீனோ விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"டேய்! அப்படியே அவ வெச்ச மாதிரி இருக்குடா!"

"நான்தான் சொன்னேனே."

"என்னடா போட்ட?"

"கோழிச்சாறு. அப்புறம் கொஞ்சம் பன்றிக்கொழுப்பு."

செலஸ்தீனோ வாயில் இருந்ததைத் தொட்டியில் துப்பினார்.

"எலோய். இன்னிக்கு என்ன கிழமை?"

எலோயின் முகத்திலிருந்து வெற்றிக் களை மெல்ல வடிந்தது. "வெள்ளி," என்றான் சன்னமாக. "கொழுப்பு கறியில சேருமா மச்சான்? சாமியார் போன வருஷம் என்னவோ சொன்னாரே, சேராதுன்னு..."

"சாமியார் ஆயிரம் சொல்லுவாரு. வர்றது தோன்யா! சுத்தபோசனத்தன்னிக்கு அந்தம்மா வாயில கோழியும் பன்னியுமா ஊட்டி அனுப்பச் சொல்றியா? என் பேர் பட்டியல்லயே இருக்காதுடா. கடைசியிலகூட இருக்காது!"

குழம்பு நாய்க்குப் போயிற்று. நாய் ஒரு வாய் நக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை விட்டது, விட்டதுதான்.

மிளகாய்த் தூள் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது சமையலறைக் கதவோரத்தில் தொங்கிய மிளகாய்ச் சரம் ஒன்று. செப்டம்பரில் பெனிட்டா உட்கார்ந்து கட்டியது. அவள் கட்டிய கடைசிச் சரம். நாலு மாதமாகச் செலஸ்தீனோ அதிலிருந்து ஒரு மிளகாய்கூட எடுக்கவில்லை. தூசி தட்டுவார். பிறகு விட்டுவிடுவார்.

எலோய் அதைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

செலஸ்தீனோ முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கீழே இருந்து பறிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு காம்புக்கும் அவள் போட்ட முடிச்சு இறுக்கமாக இருந்தது. இருபது மிளகாய் எடுத்தார். காம்பு கிள்ளி, விதை உதறி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு மிக்சியில் அரைத்து, வடிகட்டினார். ஒவ்வொன்றையும் யாரோ பின்னால் நின்று சொல்வதுபோலச் செய்தார். செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாற்பது வருஷத்தில் காது மட்டும் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறது போலும். குழம்பு சிவந்து, திரண்டு, மெல்லக் கொதித்தது.

"மச்சான்," என்றான் எலோய், கரண்டியை நக்கியபடி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை இன்னும் இருக்கு," என்றான்.

அடுத்து ரொட்டி. மூன்று டஜன் சோள ரொட்டி வாங்கி வைத்திருந்தார். முதல் ஆறு உருட்டும்போதே விரிந்து பிளந்தன. "ஆவியில காட்டுவோம்," என்றான் எலோய். ஆவியில் காட்டிய ஆறும் கூழாயின. அதற்குள் செலஸ்தீனோவுக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. ரொட்டி எண்ணெயில் விழும் 'சொய்ங்' சத்தம், ஒரே ஒரு வினாடி, உடனே இன்னொன்று.

"எண்ணெய்டா! சூடான எண்ணெய்ல ஒரு முக்கு!"

முக்கினார்கள். ரொட்டி துணிபோல வளைந்தது. குழம்பில் தோய்த்து, சீஸும் வெங்காயமும் வைத்து, பன்னிரண்டை உருட்டிப் பாத்திரத்தில் நெருக்கி வைத்தார்கள். சீஸ் துருவியதில் செலஸ்தீனோவின் இரண்டு விரல்முட்டியில் தோலும் போயிருந்தது. மேலே மிச்சக் குழம்பில் பாதியை ஊற்றி, சீஸ் தூவி, ஓவனில் தள்ளினார்கள். மணி பத்தேகால். குழம்பின் மறுபாதியை எலோய் பொறுப்பாக ஃபிரிஜ்ஜில் வைத்தான்.

அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் அன்று காலையில் செலஸ்தீனோ மூச்சு விட்ட நேரம்.

"திறந்து பாப்போமா?" என்றான் எலோய். ஓவன் கதவைத் திறந்து, பாத்திரத்தைப் பாதி வெளியே இழுத்தார்கள். சீஸ் உருகிக் கொப்பளித்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது.

"ஓரம் காஞ்சிருக்கே. தோன்யா ஓரத்துலேருந்துதான் ஆரம்பிப்பாங்க," என்றார் செலஸ்தீனோ கவலையோடு.

"அதுக்கென்ன, குழம்புதான் மிச்சம் இருக்கே!"

எலோய் நல்லவன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற குழம்பை, கொதிக்கிற கண்ணாடியின் ஓரமாகப் பார்த்து ஊற்றினான்.

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம்.

அடுத்த கணம் பாத்திரம் இல்லை. ஓவனுக்குள்ளும், தரையிலும், எலோயின் பூட்ஸ் மேலும் கண்ணாடி. சிவப்புக் குழம்பு கதவில் வழிந்தது. பாத்திரத்தின் காது ஒன்று மட்டும் சுழன்று சுழன்று போய் மேசைக்காலில் மோதி நின்றது. சில்லு பெயர்ந்த அதே காது.



"ரத்தம் வருதா?" என்று கேட்டார் செலஸ்தீனோ.

"இல்ல. குழம்பு."

"எனக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பதினான்கு குச்சிகளும் தெரிந்தன. ஒரு மண்வெட்டிப் பிடி ஆடியதற்கே ஹிலாரியோவுக்கு ஜூலை கடைசி. பாத்திரத்தையே தூளாக்கியவனுக்கு எந்த மாதம்? காலண்டரில் அப்படி ஒரு மாதம் இருக்கிறதா?

"இரு," என்றான் எலோய் திடீரென்று. "ஓத்திலியாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்கு."

ஓத்திலியா அவன் மனைவி. அன்று பல் டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தாள்.

"அவளைக் கேக்காமயா?"

"பல்லு பிடுங்கிட்டு வர்றவளால எப்படித் திட்ட முடியும்?"

அவன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பினான். அதே நீளம், அதே அகலம், அதே காதுகள். அடியில் மட்டும் ஓத்திலியாவின் பெயர் டேப்பில். வருஷக்கணக்கில் ஓவனில் வெந்து இறுகிய டேப். நகத்தால் சுரண்டினார்கள், கத்தியால் சுரண்டினார்கள், மண்ணெண்ணெய் தடவலாம் என்ற எலோயைச் செலஸ்தீனோ கையைப் பிடித்துத் தடுத்தார். பாதி வந்தது. பாதி வரவில்லை.

"அடியை யார் பாக்கப்போறா?" என்றான் எலோய்.

ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த குழம்பில் கொஞ்சம் கிண்ணத்தின் அடியில் தங்கியிருந்தது. எண்ணெயில் முக்கும்போதே மூன்று ரொட்டி கிழிந்தது. நல்லதாக நின்றது ஒன்பதுதான். சீஸ் ஒரு கைப்பிடி. ஒன்பதையும் இடைவெளி விட்டு வைத்தார் செலஸ்தீனோ, பூசையில் ஆள் குறைவாக வந்த பெஞ்சு மாதிரி. ஓவனைத் துடைத்தார்கள், தரையைக் கூட்டினார்கள், கண்ணாடித் தூளை வாளியில் அள்ளிக் கொட்டகையில் ஒளித்தார்கள். கொலைகாரர்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்பது செலஸ்தீனோவுக்கு அன்று புரிந்தது.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். சீஸ் பொன்னாக இருந்தது, குழம்பு ஓரத்தில் மெல்லக் கொப்பளித்தது. நவம்பருக்குப் பிறகு முதல்முறையாக அந்தச் சமையலறை சமையலறைபோல மணத்தது. துணிப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கூடத்துச் சுவரில் பெனிட்டாவின் படம் இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

வெளியே பிக்கப் நிற்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கே!" என்று எலோய் கிசுகிசுத்தான்.

"வாய்க்கால் மணியம்டா. தண்ணிக்கு முன்னாடி வந்து நிப்பாங்க."

தோன்யா புருதென்சியா உள்ளே வந்தார். எழுபது வயது, ரப்பர் பூட்ஸ், கறுப்பு உடுப்பு. பின்னாலேயே அவர் கணவர் பெலார்மினோ, தொப்பியை மார்பில் அணைத்தபடி. பெலார்மினோ பேசி ஊரில் கேட்டவர்கள் குறைவு. கல்யாணத்தன்று கோயிலில் 'சம்மதம்' என்று சொன்னதோடு கோட்டா முடிந்துவிட்டது என்பார்கள்.

"உக்காருங்க தோன்யா," என்றார் செலஸ்தீனோ.

"உக்கார வரல." அந்த அம்மாள் முகம் வெளுத்திருந்தது. "ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல செலஸ்தீனோ. எல்லாம் அந்தப் பாத்திரத்தால."

"மன்னிச்சிடணும். இவ்வளவு நாள் வெச்சிருந்தது தப்புதான். நாலு மாசம்..."

"நாலு மாசமா?" என்றார் தோன்யா கூர்மையாக. "என்ன, குத்திக் காட்டுறியா?"

"ஐயோ, நான் ஏன் தோன்யா..."

"சாமியார்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

செலஸ்தீனோ மேசையைப் பிடித்துக்கொண்டார். "சாமியார்கிட்டயா?"

"பாவசங்கீர்த்தனத்துல."

பாவசங்கீர்த்தனத்தில் எல்லோரும் தங்கள் பாவத்தைத்தான் சொல்வார்கள். இந்த அம்மாள் அடுத்தவர் பாவத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம் என்று செலஸ்தீனோ கேள்விப்பட்டிருந்தார். "அவர் என்ன சொன்னாரு?"

"ஈஸ்டருக்கு முன்னாடி நேர்ல போய் முடிச்சிடுன்னாரு."

எலோய் மெதுவாகப் பின்கதவை நோக்கி நகர்ந்தான். செலஸ்தீனோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். மறுகையால் பாத்திரத்தைத் தோன்யாவின் பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க தோன்யா. காலியாத் தரல. சுத்தபோசனத்துக்கு ஏத்ததுதான். கோழி இல்ல, பன்னி இல்ல."

"ஒரு சொட்டுகூட இல்ல," என்றான் எலோய் அவசரமாக.

தோன்யா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பாத்திரத்தின் ஒரு காதைப் பார்த்தார். சுற்றிவந்து மறுகாதைப் பார்த்தார்.

"இது அந்தப் பாத்திரம் இல்ல."

"அதேதான் தோன்யா!" என்றான் எலோய். "நல்லாத் தேச்சதுல புதுசாட்டம் தெரியுது."

"எலோய், வாயை மூடு. அதுல ஒரு காதுல சில்லு பேந்திருக்கும். என் கையால பேந்தது, எனக்குத் தெரியாதா?" துணிப்பிடியை எடுத்து, பாத்திரத்தை ஒரு பக்கம் தூக்கி, அடியைப் பார்த்தார். "ஓத்தின்னு எழுதியிருக்கு. ஓத்தின்னா யாரு?"

"அது... கம்பெனி பேரு," என்றான் எலோய்.

செலஸ்தீனோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உடைஞ்சிடுச்சு தோன்யா," என்றார். "நான்தான் உடைச்சேன். இவன் இல்ல, நான். வெடிச்சிடுச்சு. என்மேல என்ன கோவமோ காட்டுங்க. என் பீன்ஸுக்குக் கடைசித் தண்ணி குடுங்க, குடுக்காமயே போங்க, காயட்டும். ஆனா அங்க பதினாலு கன்னு நிக்குது. அது பெனிட்டா வெச்சது. முதல் தண்ணி வரும்னு நம்பி வெச்சுட்டுப் போயிட்டா. அதுங்களை மட்டும்..."

எலோய் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தோன்யா பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உடைஞ்சிடுச்சா?"

"ஆமா."

"முழுசாவா?"

"முழுசா."

"ஒட்ட வைக்க முடியாதா?"

"மணலாப் போச்சு தோன்யா," என்றான் எலோய். "வாளியில இருக்கு. வேணும்னா காட்டுறேன்."

தோன்யா புருதென்சியா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கோபத்தில் குலுங்குகின்றன என்று முதலில் நினைத்த செலஸ்தீனோ, கன்னத்தில் ஈரத்தைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகப் பயந்துபோனார். வாய்க்கால் மணியம் அழுது பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. பார்த்தவனுக்கு என்ன தண்டனையோ?

அந்த அம்மாள் உடுப்பின் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். தண்ணீர் முறைப் பட்டியல். முதல் வரியில் கொட்டை எழுத்தில் செலஸ்தீனோவின் பெயர் இருந்தது.

"போன வாரமே எழுதிட்டேன்," என்றார். "உன் கன்னுங்களுக்குத்தான் முதல் தண்ணி. நான் இருக்கிறவரைக்கும்."

செலஸ்தீனோ தாளைப் பார்த்தார். எலோய் எட்டிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருமுறை வாசித்தான்.

"எதுக்கு தோன்யா?" என்றார் செலஸ்தீனோ. "உங்க பாத்திரத்தை நான் உடைச்சதுக்கா?"

தோன்யா தலையைத் திருப்பினார். கூடத்துச் சுவரில் இருந்த பெனிட்டாவின் படத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்குள் யாரும் கவனிக்காமல் ஒரு தட்டும் முள்கரண்டியும் தேடி எடுத்து, மூன்று என்சிலாடாவைச் சாப்பிட்டு முடித்துவிட்ட பெலார்மினோ, மீசையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அது பெனிட்டாவோட பாத்திரம்ப்பா, எங்க பொண்ணு கல்யாணத்துக்குன்னு பதினோரு வருஷம் முன்னாடி இவ இரவல் வாங்கினது, துக்கத்தன்னிக்குத்தான் திருப்பிக் கொண்டாந்து வெச்சா, அவ ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டிருந்தா இவ நிம்மதியாக் குடுத்திருப்பா, கேக்காம பூசைக்குப் பூசை சிரிச்சுட்டுப் போனாளா, அந்தப் பயத்துலதான் வருஷா வருஷம் உங்க மடைக்கு முதல் தண்ணி."